உஷார்! பூச்சாடியோடு பெயரையும் விற்கிறார்கள்

‘விக்டோரியா காலத்துப் பூச்சாடி. தாமஸ் வெப் தயாரிப்பு. அசல்!’ இணைய ஏலத்தில் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் பணத்தை அனுப்பிவிடாதீர்கள். அங்கே விலையை ஏற்றுவது அந்தப் பெயர்தான். பல நேரங்களில் அந்தப் பெயருக்கு ஒரு ஆதாரமும் இருக்காது.

விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்தில், இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் வட்டாரத்தில் தாமஸ் வெப், ஸ்டீவன்ஸ் அண்ட் வில்லியம்ஸ், ரிச்சர்ட்சன் போன்ற நிறுவனங்கள் அலங்காரக் கண்ணாடி செய்தன. இன்றைய செக் குடியரசில் உள்ள பொஹீமியாவில் ஹராக், மோசர், லோட்ஸ் போன்றவர்கள் போட்டிக்கு நின்றார்கள். ஒருவர் பாணியை இன்னொருவர் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலான சரக்கில் செய்தவர் பெயரே கிடையாது. எந்தப் பெயருக்கு விலை அதிகமோ அதை வியாபாரி ஒட்டிவிடுகிறார்.

முத்திரை இருந்தால் மட்டும் நிம்மதியா? அதுவும் இல்லை. சில சாடிகளின் அடியில் மூன்று இறக்கை கொண்ட ‘புரொப்பெல்லர்’ முத்திரை இருக்கும். சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் அதை வெப் முத்திரை என்றே நம்பினார்கள். உண்மையில் அந்த இறக்கைகள் பொஹீமியாவின் ஹராக் பிரபு குடும்பச் சின்னத்தில் உள்ள மூன்று இறகுகள். இன்றும் பழைய நம்பிக்கையிலேயே அந்தச் சாடிகளை வெப் என்று விற்பவர்கள் உண்டு.

‘மேரி கிரிகோரி’ கதை இன்னும் மோசம். வண்ணக் கண்ணாடியில் வெள்ளை எனாமலில் குழந்தைகள் விளையாடும் ஓவியம் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி விற்பார்கள். மேரி கிரிகோரி அமெரிக்காவின் சாண்ட்விச் ஊர்க் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த நிஜமான ஓவியர். ஆனால் இந்தக் குழந்தைகளை அவர் தீட்டியதாகச் சான்று இல்லை. இந்த வகைப் பழைய சரக்கில் பெரும்பகுதி பொஹீமியாவில் செய்தது.

‘புற ஊதா விளக்கு அடித்துக் காட்டுகிறேன், பச்சையாக ஒளிர்கிறது பாருங்கள்’ என்பார்கள். மயங்காதீர்கள். மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் பர்மீஸ் கண்ணாடிக்கு அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் நிறுவனம் 1885-ல் காப்புரிமை பெற்றது. 1886-ல் வெப் உரிமம் வாங்கி அதைச் செய்தது. அதில் உள்ள யுரேனியம்தான் ஒளிர்கிறது. 1970-களில் ஃபென்டன் நிறுவனம் செய்த பர்மீஸும் அதேபோல ஒளிரும். விளக்கு காட்டுவது யுரேனியத்தை மட்டுமே; வயதையோ பட்டறையையோ அது சொல்லாது.

வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

• வைர வடிவ முத்திரை இருந்தால், அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையே பிரிட்டனில் பதிவானது. 1884 முதல் ‘ஆர்டி’ என்ற எழுத்துகளோடு எண் வரும். இரண்டுமே பதிவான தேதியைத்தான் காட்டும். பொருள் அதற்குப் பின் எப்போது வேண்டுமானாலும் செய்யப்பட்டிருக்கலாம். பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பதிவு செய்தவர் வெறும் கடைக்காரராகவும் இருக்கலாம்.

• ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று அச்சிட்டிருந்தால் விக்டோரியா பேச்சுக்கே இடமில்லை. பொஹீமியாவை உள்ளடக்கிய அந்த நாடு பிறந்ததே 1918-ல்.

• அடிப்பாகத்தை லென்ஸில் பாருங்கள். பல வருஷம் மேஜையில் உரசிய கீறல்கள் நாலா பக்கமும் தாறுமாறாக ஓடும்; மேஜையைத் தொடும் விளிம்பில் மட்டுமே இருக்கும். எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருந்தாலோ, மேஜையைத் தொடாத குழிவிலும் இருந்தாலோ உப்புத்தாள் வேலையாக இருக்கலாம்.

• ‘வெப் பாணி’, ‘வெப்பாக இருக்கலாம்’ என்ற சொற்களுக்கு வெப் விலை கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. செய்தவர் பெயர், அதற்கான ஆதாரம், தவறென்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி ஆகிய மூன்றையும் பில்லில் எழுதிக் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால், சாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் பெயரில்லாத சாடிக்கான விலையைச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.