முட்டையிட இடமின்றித் தவிக்கும் தாய்

பூனையும் கிளியும் வளர்ந்த இல்லங்களில் இன்று ஓணானும் பல்லியும் செல்லப் பிராணிகளாக இடம் பெற்றுள்ளன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வழக்கம் பரவலாக உள்ளது. ஆஸ்திரேலிய வறண்ட நிலத்துக்குரிய ‘பியர்டட் டிராகன்’ எனும் தாடி ஓணான், தென் அமெரிக்கக் காடுகளின் பச்சை இகுவானா, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளின் சிறுத்தைப் பல்லி ஆகியன இவ்வாறு வளர்க்கப்படுகின்றன. இவற்றுள் பெண்ணின் உயிருக்கே உலை வைக்கும் துன்பம் ஒன்று உண்டு. உருவான முட்டைகள் வெளிவராமல் வயிற்றிலேயே தங்கிவிடுதலே அது.

“ஒன்றைத்தானே தனியே வளர்க்கிறோம், முட்டை எங்கிருந்து வரும்?” என்று பலர் எண்ணுவர். ஆண் துணை இல்லாவிடினும் இவை முட்டையிடும். அம்முட்டைகள் குஞ்சு பொரிக்கா, அவ்வளவே. சிறுத்தைப் பல்லி ஒரு முறைக்குப் பெரும்பாலும் 2 முட்டைகளே இடும். தாடி ஓணான் 20க்கு மேலும், வளர்ந்த இகுவானா 40க்கு மேலும் இடக்கூடும். அத்தனையும் உள்ளேயே தங்கினால் அச்சிற்றுயிரின் நிலை என்னவாகும்?

காரணம் என்ன?

முட்டை அளவு மீறிப் பெருத்திருத்தல், உருக்குலைந்திருத்தல், இடுப்பெலும்பு வளைந்திருத்தல் ஆகியவற்றால் வழி அடைபடுவதுண்டு. ஆயினும் வழியில் தடையேதும் இன்றியே முட்டை தங்குவதும் மிகுதி. இயற்கையில் இத்தாய் ஈரமண்ணைத் தோண்டிக் குழி பறித்தே முட்டையிடும். கண்ணாடிப் பெட்டியின் தரையில் எதைத் தோண்டும்? ஏற்ற இடம் காணாது முட்டைகளை அடக்கி வைத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் முட்டையை வெளித்தள்ளும் தசைகள் வலுவிழக்கின்றன. அச்சத்தை உடல் ஏற்கப் புறஊதாக் கதிர் வேண்டும். சாளரக் கண்ணாடியோ அக்கதிரைத் தடுத்துவிடும். வெப்பக் குறைவும் நீர்ச்சத்துக் குறைவும் இத்துன்பத்தை வளர்க்கும்.

அறிகுறிகள்

சினையுற்ற ஓணான் உணவைக் குறைத்து, மண்ணைத் தோண்டி அலைதல் இயல்பே. சுறுசுறுப்பாக இருக்கும்வரை அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சோர்ந்து கிடத்தல், கண்கள் குழிதல், பின்னங்கால்கள் தளர்தல், முக்கியும் முட்டை வராமை, சில முட்டைகளை மட்டும் இட்டு நின்றுவிடுதல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். அப்போது ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

செய்யத்தக்கவை

வயிறு பருக்கத் தொடங்கியதும், உடல் முழுதும் மறையுமளவு ஆழமான பெட்டியில் ஈரமான மணலும் மண்ணும் கலந்து வைக்க வேண்டும். தோண்டிய குழி சரியாமல் நிற்குமளவு ஈரம் இருந்தால் போதும். எட்டிப் பார்த்துக்கொண்டே இராமல் தனிமை தருதல் நலம். வயிற்றை அமுக்கி முட்டையை வெளியேற்ற முயலுதல் பெரும் தவறு. முட்டை உள்ளே உடைந்தால் வயிற்றறை அழற்சி கண்டு உயிர் போகும்.

இத்தகைய பிராணிகளை அறிந்த கால்நடை மருத்துவர், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் மூலம் நிலையை அறிவார். வெப்பமும், நீர்மமும், சுண்ணாம்பு மருந்தும் கொடுப்பார். வழி அடைபடாதபோது, தசையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஊசியும் இடுவதுண்டு. ஆமைகளுக்குப் பயன்படுமளவு அது ஓணான்களுக்குப் பயன்படுவதில்லை. ஆகவே இறுதியில் அறுவை மருத்துவமே வழியாவதுண்டு. கருப்பையுடன் சினைப்பையையும் நீக்கிவிட்டால் இத்துன்பம் மீண்டும் வாராது.

வாயில்லா உயிர் தன் வேதனையை எடுத்துரைக்காது. திறந்த நிலத்தில் அது தானே தேடிக்கொண்டிருக்கும் ஒரு பிடி ஈரமண்ணை, அடைத்து வைத்த நாம்தாமே தேடித் தர வேண்டும்?