மாமனாரும் ஏரியல் கம்பியும்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு நான் வந்து இறங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை: "என்ன சார், இன்னும் இந்தப் பத்மினியை விடவில்லையா?" பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு அடுத்த கேள்வி: "பெயிண்ட் மங்கிப் போச்சு, பம்பர் நெளிஞ்சிருக்கு. ஏரியல் மட்டும் எப்படிப் புதுசா மின்னுது?" பந்தலில் நின்றுகொண்டு, கையில் பொங்கல் தொன்னையுடன் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியர் குழு நண்பர் கேட்டதால், இங்கே விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி 1989-ஆம் வருட மாடல். நாக்பூரில் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 1996-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். டேஷ்போர்டில் முள் நகரும் பழைய மீடியம் வேவ் ரேடியோ. முன் மட்கார்டின் மேல், ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் ஏரியல் கம்பி. பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த வண்டியில் வளர்ந்தவர்கள்தான்.

2019-இல் நான் ஓய்வு பெற்றேன். அதே வருடம் என் மாமியார் காலமானார். கும்பகோணத்தில் தனியாகிவிட்ட மாமனாரை நாக்பூருக்கு அழைத்து வந்தோம். அப்போது அவருக்கு வயது 84. போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர்கள் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய காலத்தில், அந்தக் கட்டணத்தை வசூல் செய்த மனிதர். (1980-களில் அந்த லைசென்ஸ் முறையே ரத்தாகிவிட்டது.) அவருக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. தெருவில் எதிர்ப்படும் எல்லோருக்கும் ஒரு கும்பிடு, ஒரு புன்சிரிப்பு. அதற்கு மேல் பேச்சு இல்லை.

தமிழ் கேட்கட்டும் என்று ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள் அதைத் திருப்பினால் ஒரே இரைச்சல். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே மீடியம் வேவில் குறுக்கே பேசுகிறவை. என் மகள் தன் செல்போனில் வானொலி ஆப் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். துல்லியமாகத்தான் கேட்டது. ஆனால் விரல் சற்றுத் தவறினால் வேறு ஏதோ திறந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டும். இரண்டு நாளில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு நாள் இரவு கடைத்தெருவிலிருந்து திரும்பி, வாசலில் வண்டியை நிறுத்தினேன். முன் சீட்டில் இருந்த மாமனார் ரேடியோ குமிழை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். 72 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் முள் வந்தபோது, கொரகொரப்புக்கு நடுவே தமிழ்! சென்னை வானொலி, 720 கிலோஹெர்ட்ஸ்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பகலில் வானத்தின் மேலடுக்கு ஒன்று மீடியம் வேவ் அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுவதால், அலைகள் இன்னும் மேலே போய்ப் பிரதிபலித்துத் தொலைதூரத்தில் இறங்கும். சென்னைக்கும் நாக்பூருக்கும் நேர்கோட்டில் சுமார் 900 கிலோமீட்டர். இரவில் அது எட்டக்கூடிய தூரம்தான். வீட்டு இரைச்சலிலிருந்து தள்ளி நிற்கும் வண்டி, பேட்டரி மின்சாரம், வெளியே ஒரு மீட்டர் கம்பி: இதைவிட நல்ல ரேடியோ அறை எங்கே கிடைக்கும்?

அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் மாமனார் சாவியை வாங்கிக்கொள்வார். மப்ளரைக் கட்டிக்கொண்டு போய், கம்பியை உயர்த்திவிட்டு, ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருப்பார். "நான் வந்து போட்டுத் தரட்டுமா மாமா?" என்று கேட்டால், "வேணாம் மாப்பிள்ளை, நானே திருப்பிக்கிறேன்" என்பார். உள்ளே வந்ததும், "மெட்ராஸ்ல மழையாம்" என்று எங்களுக்குச் செய்தி வாசிப்பார். எங்களை எதற்கும் கேட்க வேண்டியிராத ஒரு மணி நேரம் அது.

2020 ஜனவரியில் திடீரென்று போவதை நிறுத்திவிட்டார். குளிர் என்றார். குளிர் குறைந்த பிறகு, காது சரியாகக் கேட்கவில்லை என்றார். சாப்பாடு குறைந்தது. டாக்டரிடம் அழைத்துப் போனோம்; அந்த வயதுக்குக் காது நன்றாகவே இருப்பதாகச் சொன்னார். என் மனைவி அப்பாவுக்கு அம்மா நினைப்பு வந்துவிட்டது என்று அழுதாள்.

ஒரு நாள் அவருடைய டிரங்குப் பெட்டியில் வேட்டிகளை அடுக்கும்போது பழுப்புத் தாள் பொட்டலம் ஒன்று என் மனைவியின் கையில் கிடைத்தது. சணல் போட்டு, ரிஜிஸ்டர் பார்சல் மாதிரி கச்சிதமாகக் கட்டியிருந்தது. மேலே அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் என் பெயர், முழு விலாசத்துடன். பிரித்தால், உள்ளே ஒடிந்த ஏரியல் கம்பி!

சங்கராந்திக்கு நாக்பூரில் பட்டம் விடும் கோலாகலம் நாம் அறிந்ததே. பட்டத்து நூல் கம்பியில் மாட்டிக்கொள்ளுமே என்று பயந்து அதை உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறார். துருப்பிடித்த கம்பி இறங்காமல் வளைந்து, கையோடு ஒடிந்து வந்துவிட்டது. "உங்க வண்டி மாப்பிள்ளை. காசு கொடுத்தா வாங்க மாட்டீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வண்டியை ஓட்டாமல் இல்லை. ஆனால் பகலில் கம்பியை இறக்கியே வைத்திருப்போம். அதனால் மொட்டைக் கம்பி கண்ணில் உறுத்தவில்லை. உள்ளூர் நிலையம் மொட்டைக் கம்பியிலும் கேட்டது. அதைவிட வெட்கம் வேறொன்று. தண்டவாளத்தில் நாங்கள் டிராக் சர்க்யூட் என்று ஒன்று வைத்திருப்போம். தண்டவாளம் வழியாகச் சிறிய மின்சாரம் ஓடி, மறுமுனையில் ஒரு ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி வந்தாலும் ரிலே விழும். இணைப்புக் கம்பி அறுந்தாலும் விழும். இரண்டிலும் சிக்னல் சிவப்புதான். மின்சாரம் வராவிட்டால் ஏதோ கோளாறு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். போய்ப் பார்க்க வேண்டும். இதைப் பல வருடங்கள் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன், வீட்டில் ஒரு மனிதர் பேச்சை நிறுத்தியபோது குளிர் என்று நம்பிவிட்டேன்.

மறுநாளே புது ஏரியல் வாங்கினேன். பக்கத்து மெக்கானிக் பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார். இரவு மாமனாரை அழைத்துக்கொண்டு போய் ரேடியோவைப் போட்டேன். உள்ளூர் நிலையம் கேட்டது. சென்னை இருக்கும் இடத்தில் வெறும் இரைச்சல். இன்ஜினை ஓட விட்டால் அதன் வேகத்துக்கு ஏற்ப ஒரு கிறீச்சொலி வேறு. "விடுங்க மாப்பிள்ளை, பரவாயில்லை" என்று மாமனார் இறங்கப் பார்த்தார். "நாளைக் காலையில் நாமே பார்ப்போம் மாமா, உங்கள் உதவி வேண்டும்" என்றேன்.

இனி வருவது, பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடும்.

ஏரியல் என்றால் மேலே தெரியும் கம்பி மட்டும் இல்லை. எஃப்.எம். அலை சுமார் 3 மீட்டர் நீளம். அதில் கால் பாகமான 75 சென்டிமீட்டர் கம்பி அதற்குச் சரியான அளவு. ஆனால் 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 416 மீட்டர்! அதற்கு முன்னால் ஒரு மீட்டர் கம்பி வெறும் துரும்பு. அது பிடித்துத் தரும் சொற்பச் சிக்னல் வழியில் வீணாகக் கூடாது. வண்டியின் இரும்பு உடம்பும் ஏரியலின் மறுபாதியாக வேலை செய்ய வேண்டும். அதற்கு, ஏரியல் ஒயரின் மேல் பின்னலாகச் சுற்றியுள்ள உறை, ஏரியலின் அடிப்பாகத்தில் மட்கார்டு இரும்போடு நன்றாக எர்த் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்னலும் குறையும், இன்ஜின் இரைச்சலும் உள்ளே புகும்.

மல்டிமீட்டரை எடுத்து ஏரியலின் அடிப்பாகத்துக்கும் வண்டி உடம்புக்கும் இடையே வைத்தேன். பூஜ்யம் காட்டியது, எர்த் நன்றாக இருப்பதாகத்தான் அர்த்தம். குழம்பிப் போனேன். ஒயரின் வழியைக் கையால் தடவிக்கொண்டே போனபோதுதான் உறைத்தது: பிளக் ரேடியோவிலேயே செருகியிருந்தது. உறையிலிருந்து ரேடியோவின் உடம்பு வழியாக வண்டிக்குப் பாதை இருந்ததால் மீட்டர் என்னை ஏமாற்றியிருக்கிறது. சோதிக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்த பிறகே அளக்க வேண்டும் என்பது சிக்னல் பிரிவில் பாலபாடம். ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்குள் மறந்துவிட்டேன்!

பிளக்கை உருவிவிட்டு மறுபடி மூன்று இடங்களில் அளந்தோம். மீட்டரை மாமனார் பிடித்துக்கொண்டு படித்தார். கம்பிக்கும் பிளக்கின் நடு முனைக்கும் இடையே இணைப்பு இருக்க வேண்டும், இருந்தது. நடு முனைக்கும் உறைக்கும் இடையே இணைப்பு இருக்கக் கூடாது, இல்லை. உறைக்கும் வண்டி உடம்புக்கும் இடையே இருக்க வேண்டும். "ஒண்ணுமே காட்டலை மாப்பிள்ளை" என்றார்.

கோளாறு கையில் சிக்கிவிட்டது. நட்டைத் தளர்த்தி ஏரியலைக் கீழே இறக்கிப் பார்த்தேன். அடியில் பல் வைத்த வாஷர் ஒன்று இருக்கும். அந்தப் பற்கள் இரும்பைக் கடிப்பதற்காகத்தான். இங்கே துரு, பெயிண்ட், சேறு தெறிக்காமல் இருக்கப் பூசிய தார் எல்லாம் சேர்ந்து கெட்டியாக அப்பியிருக்க, வாஷர் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் மட்டும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தேன். ஏரியலை மாட்டி இறுக்கினேன். மீட்டர் அரை ஓமுக்குக் கீழே காட்டிய பிறகு, மறுபடி துருப்பிடிக்காமல் இருக்க வெளியே கிரீஸ் தடவினேன்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. பழைய ரேடியோக்களில் ஏரியல் பிளக்குக்குப் பக்கத்தில் டிரிம்மர் என்ற சின்னத் திருகு இருக்கும். ஏரியலை மாற்றினால் அதையும் சரிசெய்ய வேண்டும். கம்பியை முழுவதும் உயர்த்தி, 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மங்கலாகக் கேட்கும் ஏதாவது ஒரு நிலையத்தை வைத்து, சத்தம் அதிகமாகும் இடத்தில் திருகை நிறுத்த வேண்டும். அன்று இருட்டிய பிறகு அதைச் செய்தோம். சின்ன ஸ்குரூ டிரைவர் மாமனார் கையில். டார்ச் என் கையில். அரைச் சுற்று திருப்புவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், கொஞ்சம் பின்னால் வருவார். "இங்கே நிக்கட்டும்" என்றார்.

முள்ளை 72-க்கு அவரே கொண்டுபோனார். செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவில்லை. மப்ளரைச் சரிசெய்துகொண்டு, "நீங்க உள்ளே போங்க மாப்பிள்ளை, பனி விழுது" என்றார்.

அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வண்டி வாசலை விட்டு நகரவில்லை. ஆனால் தினமும் இரவு ஒரு மணி நேரம் அதில் சென்னை கேட்டது. ரேடியோ எடுத்துக்கொள்வது ஒரு ஆம்பியருக்கும் குறைவுதான். பேட்டரி இறங்காமல் இருக்க, சில நாளைக்கு ஒரு முறை இன்ஜினை ஓட விட்டேன். மாமனார் 2022 வரை எங்களோடு இருந்தார்.

2024-இல் பதிவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, ஐந்தாயிரம் ரூபாய் கட்ட வேண்டுமா, வண்டியை உடைக்கக் கொடுத்துவிடலாமே என்றான் மகன். கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். கட்டிவிட்டேன்.

வருகிற பொங்கல் விழாவில் யாராவது ஏரியலைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்லப் போவதில்லை. இந்த மலரில் ஒரு பிரதியைக் கையில் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன்.