கல்லில் இருக்கும் பெயர்

உங்கள் பெயரை முதன்முதலில் எழுதிய நாள் நினைவிருக்கிறதா? பாறசாலைப் பக்கத்தில் எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அம்மா, தம் பெயரை எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார். "எங்க பூட்டன் பட்டாளத்துக்குப் போனார். திரும்பி வரல்ல. அவர் பேரு எங்கேயாவது எழுதியிருக்குமா?"

நல்ல கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர் நடந்தது. ஆங்கிலேயர் ஆண்ட காலம் அது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போரிடப் போனார்கள். 70,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நிறையப் பேர் போன இடம் இன்றைய ஈராக் நாடு. அங்கே பஸ்ரா என்ற ஊரில் 1929-இல் ஒரு பெரிய நினைவுச் சின்னம் திறந்தார்கள். அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயர்களை வெட்டவில்லை! படைப்பிரிவின் பெயர், அதன்கீழ் செத்தவர் எத்தனை பேர் என்ற எண். அவ்வளவுதான். உயிர் எல்லாருக்கும் ஒன்றுதானே?

நம் நாட்டிலும் பல ஊர்களில் சிறு கல் ஒன்று சுவரில் பதித்திருக்கும். 'இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள்' என்றிருக்கும். அதிலும் பெயர் இராது.

இந்தக் கல்லறைகளையும் சின்னங்களையும் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இப்படிப் பாகுபாடு காட்டியதற்கு 2021-இல் அது மன்னிப்புக் கேட்டது.

சுதந்திரத்துக்குப் பின் இறந்த வீரர்களுக்கு டெல்லியில் 2019-இல் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. அங்கே 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அதிகாரி, சிப்பாய் என்ற பேதம் இல்லை. ஆளுக்கு ஒரு கல். நம் பக்கத்து வெங்ஙானூரைச் சேர்ந்த கேப்டன் ஜெரி பிரேம்ராஜ் பெயரும் உண்டு. 1999 கார்கில் போரில் திராஸ் மலையில் உயிர் நீத்தவர். வீர சக்ரா விருது பெற்றவர்.

சரி, அந்த அம்மாவின் பூட்டன்?

பழைய சிப்பாய்கள் பலரின் பெயர்கள் ஏடுகளில் இருக்கின்றன. ஆணையத்தின் பட்டியலைக் கம்ப்யூட்டரில் காசில்லாமல் தேடலாம். பலருக்கு அப்பா பெயரும் ஊரும்கூட இருக்கும். ஆனால் கேரளம் என்று தேடாதீர்கள். கேரளம் 1956-இல்தான் பிறந்தது. திருவிதாங்கூர் என்று தேடுங்கள்.

வீட்டில் பழைய பதக்கம் இருக்கிறதா? தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். மையத்துக்கு எடுத்து வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம். அந்த அம்மா தம் வீட்டுப் பரணில் தேடத் தொடங்கிவிட்டார்.