பிள்ளையின் மனமும் பெற்றார் ஆசிரியர் உறவும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைக்கு வயது ஏறத்தாழப் பத்து. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆந் திகதி, இலங்கை முழுவதும் 3 இலட்சத்துக்கும் அதிகமான சிறார்கள் அதற்குத் தோற்றினர். வினாக்கள் மூன்று முன்னரே வெளியாகிவிட்டன என்ற வழக்கு எழுந்தது. டிசெம்பர் 31ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், 2025 ஜனவரியிலேதான் பெறுபேறுகள் வெளிவந்தன. பெரியோர் வழக்காடிய அந்நான்கு மாதமும் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

பரீட்சையைக் குறைகூற யான் முற்படவில்லை. வறிய வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணமும், வசதி மிக்க பாடசாலையில் இடமும் கிடைப்பதற்கு அது ஒரு வாயில். ஆயினும் இரண்டு வினாத்தாள்களின் 200 புள்ளிகளைக் கொண்டே பிள்ளையை அளக்கும் வழக்கம் நம் வீடுகளிற் புகுந்துவிட்டது. மாலையிலும் விடுமுறையிலும் தனியார் வகுப்பு, விளையாட்டுக்கோ வேளையில்லை.

நேயர்களே, மனத்துன்பத்தைச் சொல்லாற் கூறும் ஆற்றல் சிறு பிள்ளைக்குக் குறைவு. அதன் உடலே பேசுகின்றது. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வரும். சனிக்கிழமை அவ்வலி இராது. இதனை நடிப்பென்று அதட்டுவோர் பலர். அச்சத்தினால் வயிறு உண்மையாகவே வலிக்கும் என்பதை மருத்துவர் அறிவர். விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குவதும், உணவை வெறுப்பதும், உறக்கத்திற் திடுக்கிட்டு எழுவதும் வீட்டார் காணும் குறிகள். வகுப்பிற் தூங்கி விழுவது, தோழரை விட்டு ஒதுங்குவது, காரணமின்றிச் சினப்பது, எழுதியதையே அழித்து அழித்து எழுதுவது ஆகியவை ஆசிரியர் கண்ணிற் படுவன. தாய் அறிந்ததை ஆசிரியர் அறியார். ஆசிரியர் கண்டது தாய்க்குத் தெரியாது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

இருவரும் சந்திப்பதில்லையா என்று கேட்கலாம். சந்திக்கின்றனர், ஆனால் தவணை முடிவிலே, தேர்ச்சி அறிக்கையை நடுவில் வைத்துக்கொண்டு. அங்கே புள்ளிகளைப் பற்றிய பேச்சே மிகுதி. பிள்ளையும் அருகில் நின்று கேட்கும். பிற பெற்றாரும் கேட்பர். அது பிள்ளையை நாணச்செய்யுமேயன்றித் தேற்றாது.

அறிக்கை வருமுன்னரே, தனிமையில், கால் மணி நேரம் பேசுதல் நலம். “உங்கள் மகன் சோம்பேறி” என்று தீர்ப்புக் கூறாமல், “இரண்டு வாரமாக இடைவேளையிற் தனியே இருக்கிறான், வீட்டில் எப்படி இருக்கிறான், அம்மா?” என்று ஆசிரியர் கேட்கட்டும். தீர்ப்பைக் கேட்டவர் மறுமொழிக்கு ஆயத்தமாவார். கண்டதைக் கேட்டவரோ தாம் கண்டதைச் சொல்லுவார். பின்பு சிறிய ஏற்பாடொன்றில் இருவரும் உடன்படலாம்: வாரத்தில் ஒரு தனியார் வகுப்பை நிறுத்துவது, இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தை மூடுவது, வகுப்பில் நல்ல தோழனருகே இருக்கவைப்பது. இரண்டு வாரங் கழித்து மீண்டும் பேசவேண்டும். இந்த இரண்டாஞ் சந்திப்பே பெரும்பாலும் நழுவிவிடுகின்றது.

தாய் மத்திய கிழக்கிற் பணிபுரிய, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் நம் நாட்டிற் பலர். “பெற்றாரை அழைத்து வா” என்ற சொல் அவர்களைச் சுடும். காலையிற் பிள்ளையை எழுப்பி உணவூட்டுபவர் எவரோ, அவரையே அழைக்கவேண்டும். கையொப்பமிடத் தெரியாத அம்மம்மாவும் பிள்ளையின் உறக்கத்தை அறிவார்.

வீட்டார் நம்பிக் கூறிய செய்தி ஆசிரியர் அறையின் பேச்சாகிவிடலாகாது. ஒருமுறை அது வெளியாயின் அவ்வீட்டுக் கதவு பின்னர் திறவாது. உளவளத்துணை ஆசிரியர் உள்ள பாடசாலைகளில் அவரிடம் செல்வதைத் தண்டனைபோற் காட்டுவதும் தவறு.

ஆனால் பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், அல்லது தன்னைத் தானே காயப்படுத்தினால், இரகசியம் காக்கும் வேளை அதுவன்று. ஆசிரியர் அன்றே வீட்டாருக்கு அறிவிக்கவேண்டும். பிள்ளையைத் தனியே விடாது, அரசினர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தைப் பாடசாலையிலும் வீட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.