26,000 டிபிஐ இருந்தும் ஒரு கிளிக் ஏன் இரண்டாகுது?

போன கிழமை ஒலிபரப்பில் கேமிங் மவுஸ் பற்றிக் கதைக்கத் தொடங்கி, நேரம் போதாமல் நிப்பாட்டிப்போட்டம். மிச்சத்தை இதில் எழுதுறன்.

என்ர அக்காவின் மகனுக்குப் பதினாறு வயது. அக்கா வீட்டு வேலைக்குப் போய் உழைச்ச காசில் 80 யூரோவுக்கு ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்தவ. பெட்டியில் பெரிய எழுத்தில் 26,000 டிபிஐ. எட்டாம் மாதம், ஒருக்கா அமத்த இரண்டு தரம் கிளிக் ஆகத் தொடங்கிட்டுது. "மாமா, சென்சர் பழுதாப் போச்சு" எண்டு கொண்டு வந்தான். சென்சருக்கு ஒண்டும் இல்லை. அது புதுசு மாதிரியே இருந்தது.

சென்சர் என்பது மவுசின் அடியில் இருக்கிற சின்னக் கமெரா. மேசையை நொடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடும். டிபிஐ என்றால் ஒரு அங்குல நகர்வை எத்தனை துண்டாக எண்ணுது என்ற அளவு. 1920 பிக்சல் அகலத் திரையை 800 டிபிஐயில் கடக்க, கையை 6 சென்ரிமீற்றர் நகர்த்த வேணும். 26,000 வைத்தால் 2 மில்லிமீற்றர்கூட வராது, ஒரு கடுகின் அளவு. அப்படி வைத்து யார் விளையாடுறது?

தாய்வானின் பிக்ஸ்ஆர்ட் நிறுவனம் செய்த பிஎம்டபிள்யூ 3360 சென்சர் 12,000 டிபிஐ வரை போகும், நொடிக்கு 250 அங்குல வேகத்தைத் தாங்கும். அது 6 மீற்றருக்கும் கூட. அதே நிறுவனத்தின் பிஏடபிள்யூ 3395க்கு 26,000 டிபிஐ, 650 அங்குலம். புதுசில் பற்றரி குறையச் செலவாகும், வயரில்லாத மவுசுக்கு அது நல்லதுதான். ஆனால் 3360 வைத்திருக்கிறவர் தோற்றால் குற்றம் சென்சரில் இல்லை. பெயர் தெரியாத மலிவு மவுசில் மட்டும் கவனம். அதில் எழுதியிருக்கிற டிபிஐ, உண்மையான எண்ணிக்கையை மென்பொருளால் பெருக்கிக் காட்டினதாயும் இருக்கலாம்.

பழுதாகிறது மற்றச் சாமான்கள். முதலில் சுவிட்ச். உள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று வளைந்து இன்னொரு உலோகத்தில் முட்டும். முட்டும்போது பந்து மாதிரி சில மில்லிசெக்கன் துள்ளும். மவுசுக்குள் இருக்கிற மென்பொருள் அந்தத் துள்ளல் அடங்கும்வரை பொறுத்து, ஒரு கிளிக் என்று எண்ணும். தகடு களைத்தால், அல்லது முட்டிற இடத்தில் அழுக்கோ ஒக்சைட் படலமோ பிடித்தால், துள்ளல் அந்த நேரத்தைத் தாண்டும். அப்ப ஒன்று இரண்டாகும். இழுத்துப் பிடிச்சிருக்கேக்கை நடுவிலை விட்டும்போகும். ஒளிச் சுவிட்சில் இந்தத் தொல்லை இல்லை. அதில் உலோகம் முட்டுறதில்லை, அகச்சிவப்புக் கதிரை மறைத்தோ விட்டோதான் கிளிக் அறியப்படுது. ஆனால் அதிலும் சில்லு தேயும், அடியில் ஒட்டின வழுக்குப் பாதம் தேயும், கூடு கிறீச்சிடும். கூடு எவ்வளவு இறுக்கம் என்று பெட்டியில் நம்பர் போட ஏலாது. அதாலதான் டிபிஐயைப் போடுறாங்கள்.

சரி, எப்படிப் பார்த்து வாங்கிறது? பல்லரோவுக்கு மரக்கறி வாங்கப் போறவைக்குத் தெரியும், அல்பெர்கேரியாப் பக்கம் தரையில் துணி விரித்துப் பழைய சாமான் விற்பினம். வயருக்குள் சிக்கி மவுசும் கிடக்கும். நான் அங்க போகேக்கை சட்டைப்பையில் போனுக்குப் போடுற ஒரு ஓடிஜி அடப்டர் வைச்சிருப்பன். அன்ட்ரொயிட் போனில் மவுசைக் குத்தினால் அம்புக்குறி வரும். கல்குலேட்டரைத் திறந்து 1ஐ மெதுவாக இருபது தரம் அமத்துங்கோ. அமத்தினதை விட ஒரு 1 கூட விழுந்தாலும் வையுங்கோ கீழே. பிறகு இரண்டு பக்கமும் நெரித்துப் பாருங்கோ, காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பாருங்கோ, சில்லை ஒவ்வொரு பல்லாகச் சுத்துங்கோ. வெளிச்சமாய் மின்னுற ஆனால் நெரிக்க வளையிற மவுசை விட, ஊத்தை பிடிச்ச ஆனால் இறுக்கமான மவுஸ் எனக்கு மேல். ஊத்தையைத் துடைக்கலாம்.

புதுசு வாங்கினவைக்கு வேற கதை. அக்கா வாங்கின கடையில், "கொம்பனிக்கு எழுதுங்கோ" எண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். அது சரியில்லை. இத்தாலியில் கடையில் வாங்கிற புதுச் சாமானுக்கு இரண்டு வருச 'கரன்ட்சியா லெகாலே' உண்டு, பொறுப்பு விற்ற கடைக்குத்தான். முதல் வருசத்துக்குள் தெரியவாற குறை, வாங்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுக்கும். ஸ்கொன்ட்ரீனோவின் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும், வாங்கின அண்டைக்கே படம் எடுத்து வையுங்கோ. அது துலைஞ்சிருந்தால் வங்கிக் கார்ட்டில் கட்டின பதிவும் உதவும்.

அக்கா இரண்டாந்தரம் நானும் கூடப் போக, ஸ்கொன்ட்ரீனோவின் படத்தோட போனவ. கவுண்டரில் பத்து நிமிசம் வாக்குவாதம். கடைசியில் மவுசை எடுத்து வைச்சுக்கொண்டு துண்டு எழுதித் தந்தாங்கள். மாற்றித் தருவாங்களா திருத்தித் தருவாங்களா எண்டு இன்னும் தெரியேல்லை. அதுவரைக்கும் மருமகன் பல்லரோவில் வாங்கின பழைய வயர் மவுசில் விளையாடுறான். 1600 டிபிஐ.