நேற்று செய்த வேலை இன்று மறந்து போகும்!
கம்ப்யூட்டர் வேலையாளுக்குக் குறிப்பு எழுதும் மனிதர்கள்

ஒரு கடையில் புதிதாக ஒரு கணக்குப்பிள்ளை. கெட்டிக்காரர். மின்னல் வேகம். ஆனால் ஒரு குறை. மறுநாள் காலையில் "நேத்து எதுவரைக்கும் எழுதினே?" என்று கேட்டால், "எந்தக் கணக்கு?" என்று திருப்பிக் கேட்பார்!

கம்ப்யூட்டர் கம்பெனிகள் இன்று இப்படிப்பட்ட ஒரு வேலையாளை வைத்துத்தான் வேலை வாங்குகின்றன. அதன் பெயர் "ஏ.ஐ. ஏஜெண்டு".

இது கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காது. கட்டளை கொடுத்தால் பைலைத் திறக்கும். புரோகிராம் எழுதும். ஓட்டிப் பார்த்துத் தப்பைத் திருத்தும்.

ஆனால் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று அதன் நினைவுக்கு அளவு உண்டு. புதிதாக வேலையைத் தொடங்கினால் பழையது தானாக நினைவுக்கு வராது. எழுதி வைத்ததைப் படித்தால்தான் உண்டு.

இதனால் என்ன ஆகிறது? பத்து வேலையில் நாலை முடித்துவிட்டு, "எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிடுகிறது. மீதி ஆறு அப்படியே கிடக்கும்.

பாசிமணி

இதற்கு ஒரு வழி கண்டவர் ஸ்டீவ் எகி. அமேசானிலும் கூகுளிலும் வேலை பார்த்த அமெரிக்க என்ஜினீயர். 2025 அக்டோபரில் "பீட்ஸ்" என்ற வேலைப் பட்டியல் சாப்ட்வேரை வெளியிட்டார். பீட்ஸ் என்றால் பாசிமணி.

மணியைக் கோர்ப்பது போல, ஒரு வேலையை இன்னொரு வேலையோடு இது கோர்த்து வைக்கிறது. சுவர் எழும்பாமல் பெயிண்ட் அடிக்க முடியாது அல்லவா? அந்த வரிசை இதில் பதிவாகி இருக்கும். "பி.டி. ரெடி" என்று கட்டளை கொடுத்தால் போதும். தடை இல்லாமல் இப்போதே தொடங்கக்கூடிய வேலைகள் மட்டும் வந்து நிற்கும்.

பட்டியல் தயார். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஜெண்டுக்கு யார் சொல்வது?

இங்குதான் குறிப்பு எழுதுகிறவருக்கு வேலை வருகிறது.

ஒரு கட்டளை, ஒரு சிக்கல்

மனிதனுக்கு எழுதும் குறிப்பு வேறு. ஏஜெண்டுக்கு எழுதும் குறிப்பு வேறு.

பீட்சில் "எடிட்" என்று ஒரு கட்டளை இருக்கிறது. மனிதன் கொடுத்தால் எழுதுவதற்கு ஒரு திரை திறக்கும். எழுதிவிட்டு மூடிவிடுவான். ஏஜெண்டு கொடுத்தால்? திரை திறந்தபடியே நிற்கும். மூடத் தெரியாமல் ஏஜெண்டும் நிற்கும்.

அதனால் "எடிட் கட்டளையைத் தொடாதே, அப்டேட் கட்டளையைக் கொடு" என்று அதன் குறிப்பிலேயே எழுதி இருக்கிறார்கள்.

வேலையை முடித்துக் கிளம்பும்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. இதற்கு "விமானத்தைத் தரையிறக்குவது" என்று பெயர். மீதி வேலையைப் பட்டியலில் ஏற்று, முடிந்ததை மூடு, எல்லாவற்றையும் சேமித்துவிட்டுப் போ. அடுத்து வரும் ஏஜெண்டு அதைப் படித்துவிட்டுத் தொடரும்.

எப்படி எழுதுவது?

"வேலை முடிந்ததும் மூடிவிடு" என்று எழுதினால் போதாது. முடிந்தது என்றால் என்ன? அதை ஏஜெண்டு தானே ஊகித்துக்கொள்ளும்.

"சோதனைகள் எல்லாம் தேறினால் மட்டும் மூடு. ஒன்று தவறினாலும் திறந்தே வை. காரணத்தை எழுது" என்று இருக்க வேண்டும்.

குறிப்பு நீளவும் கூடாது. ஒவ்வொரு சொல்லும் ஏஜெண்டின் நினைவில் இடம் பிடிக்கும். குறிப்பே இடத்தை அடைத்துக்கொண்டால் வேலைக்கு இடம் ஏது?

சாப்ட்வேர் மாறினால் குறிப்பும் அன்றே மாற வேண்டும். இல்லாவிட்டால் ஒழிந்துபோன பழைய கட்டளையையே ஏஜெண்டு கொடுத்துக்கொண்டு இருக்கும்.

இந்தக் குறிப்புகளை வைப்பதற்கென்றே "ஏஜெண்ட்ஸ் டாட் எம்.டி." என்ற பைல் 2025-ல் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் அது லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் அமைந்த ஒரு பொது அமைப்பின் பொறுப்புக்குப் போனது.

பூட்டும் வேண்டும்

எழுதி வைத்துவிட்டால் மட்டும் தப்பித்துவிடலாமா? முடியாது!

2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில் அதிபர், "ரெப்ளிட்" கம்பெனியின் ஏஜெண்டை வைத்து வேலை செய்தார். "எதையும் மாற்றாதே" என்று கண்டிப்பாகச் சொல்லி இருந்தார். அதையும் மீறி, நடப்பில் இருந்த தகவல் களஞ்சியத்தை ஏஜெண்டு அழித்துவிட்டது! 1,200-க்கு மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன.

"மீட்க முடியாது" என்றும் அந்த ஏஜெண்டு சொன்னது. அதுவும் தப்பு. பிறகு மீட்கப்பட்டது.

இது ஏற்க முடியாத செயல் என்று ரெப்ளிட் தலைவர் அம்ஜத் மசாத் ஒப்புக்கொண்டார். சோதனைக்கு ஒரு களஞ்சியம், நடப்புக்கு ஒரு களஞ்சியம் என்று தானாகவே பிரிக்க ஏற்பாடு செய்வதாகவும் அறிவித்தார்.

ஆகவே "அழிக்காதே" என்று எழுதினால் மட்டும் போதாது. அழிக்கும் கட்டளைக்குப் பூட்டும் போட வேண்டும். சாவி மனிதனிடம் இருக்க வேண்டும்.

கல்லாவில் "கை வைக்காதே" என்று எழுதி ஒட்டுகிற முதலாளியும், ராத்திரி அதைப் பூட்டிவிட்டுத்தானே வீட்டுக்குப் போகிறார்!