நெஞ்சுத் தடிப்பும் ஓமோன்களும்: காரணங்கள் பற்றிய ஒரு குறிப்பு

நெஞ்சிலே சிவந்த பருக்களோ தடிப்போ தோன்றினால், சாய்ந்தமருது போன்ற எமது கரையோர ஊர்களில் முன்னர் ‘உடற்சூடு’ என்றனர். இன்று ‘ஓமோன் கோளாறு’ என்கின்றனர். சொல் மாறியதேயன்றி விளக்கம் வளர்ந்ததாகத் தெரியவில்லை. அவ்வொரு சொல்லினுள் அடங்கிக் கிடக்கும் வெவ்வேறு காரணங்களைப் பிரித்தறிவதே இக்குறிப்பின் நோக்கமாகும்.

சுரப்பிகள் குருதியிற் கலக்கவிடும் இரசாயனத் தூதே ஓமோன். 1905இல் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடற்றொழிலியலாளர் இப்பெயரை வழங்கினார். முகம், நெஞ்சு, முதுகு ஆகிய இடங்களில் நெய்ச்சுரப்பிகள் மிகுதி. இருபாலாரிடத்தும் உள்ள அன்ட்ரோஜன் ஓமோன்கள் அவற்றைத் தூண்டுகின்றன. எனவே பருவமடையும் காலத்திலும் மாதவிடாய்க்கு முந்திய நாள்களிலும் பருக்கள் மிகுதல் இயல்பே. மாதவிடாய் ஒழுங்கின்மையும் முகத்தில் மிகையான உரோமமும் உடனிருப்பின், சூலக நீர்க்கட்டி நிலை உண்டா எனப் பரிசோதித்தல் வேண்டும். மாதந்தோறும் விடாய்க்குச் சில நாள் முன்னர் தோன்றிப் பின்னர் மறையும் தடிப்பு, அரிதாக, புரொஜெஸ்தரோனுக்கு உடல் காட்டும் ஒவ்வாமையாகவும் அமையலாம்.

ஆயின் நெஞ்சில் தோன்றுவன யாவும் ஓமோனின் விளைவுகள் அல்ல. வியர்வைக் கான்கள் அடைபடுவதால் வேர்க்குரு உண்டாகிறது. தோலில் இயல்பாகவே வாழும் மதுவ வகைப் பங்கசு, வெப்பத்திலும் ஈரத்திலும் பெருகித் தேமலாகிறது. கரைவலை இழுப்பவருக்கும் அடுப்படியில் வேகுபவருக்கும் இவை வருவதில் அவர்தம் உழைப்புச் சூழலுக்கும் பங்குண்டு.

மூன்றாவது காரணம் புறத்தேயிருந்து வருவது. 1948இல் ஹென்ச் என்னும் அமெரிக்க மருத்துவர் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கோட்டிசோனைச் செலுத்தினார்; 1950இல் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1952 முதல் இவ்வகை ஓமோன் பூச்சு மருந்தாகவும் பயன்பட்டது. உரிய அளவில் அது அருமருந்து. ஆனால் அதே ஸ்டெரொயிட்டு, நிறம் வெளுக்க வைக்கும் களிம்புகளிற் கலந்து விற்கப்படும்போது தோலை மெலிவித்துப் பருக்களைத் தோற்றுவிக்கிறது. பங்கசு நோயின் தோற்றத்தை மாற்றி மறைத்துப் பரவச் செய்கிறது. திடீரென நிறுத்தினாலோ தோல் முன்னிலும் சிவந்து எரிகிறது. நுகர்வோர் மீண்டும் அதே களிம்பை நாடுகின்றார். இந்தியாவில் 2018இல் இத்தகைய பூச்சு மருந்துகள் பல, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதவற்றுள் சேர்க்கப்பட்டன. பெண்ணின் நிறத்தைத் திருமணச் சந்தையின் விலைப்பொருளாக்கிய சமுதாயமே இக்களிம்புக்கும் சந்தையை அமைத்துக் கொடுக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

நெஞ்சு மறைக்கப்படும் உறுப்பு. ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசும் பெண், அயலார் சொன்ன களிம்புடன் அமைதியடைகிறாள். முலைக்காம்பில் ஒருபுறம் மட்டும் ஆறாதிருக்கும் சிரங்கு போன்ற புண், புற்றுநோயின் அடையாளமாகவும் இருத்தல் கூடும். அங்கு கூச்சத்தின் விலை உயிராகலாம். ஆகவே பெண் வைத்தியர் அண்மையிற் கிடைப்பதும், நோய்க்காரணம் தாய்மொழியில் விளக்கப்படுவதும் சலுகைகள் அல்ல; மக்களின் உரிமைகள்.